வெள்ளிச் சுரங்கம் வந்தது... வீட்டு மொழி போனது! - சார்க் தீவின் கடைசிக் குரல்கள்

தீயணைப்பு வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போகிற ஊர் ஒன்று இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கும் அதே டிராக்டர்தான். கார் கிடையாது. பஸ் கிடையாது. விமான நிலையம் கிடையாது. தெருவிளக்குகூட இல்லை. இருட்டிவிட்டால் டார்ச் லைட்டோடுதான் வெளியே கிளம்ப வேண்டும். அந்த இருட்டுக்காகவே 2011-ல் ‘உலகின் முதல் இருள் வானத் தீவு’ என்ற பெருமையும் இந்த ஊருக்குக் கிடைத்தது. நட்சத்திரம் பார்ப்பதற்கென்றே படகேறி வருகிறார்கள்.

ஊரின் பெயர் சார்க். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே இருக்கும் ஆங்கிலக் கால்வாயில், பிரான்ஸ் கரையை ஒட்டினாற்போல் சில தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. சேனல் தீவுகள் என்று பெயர். ஜெர்சி, கெர்ன்சி, ஆல்டர்னி, அடுத்தது சார்க். மொத்தப் பரப்பு 5.5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மக்கள்தொகை 500 சொச்சம். நம் ஊரில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வரும் கூட்டம் இதைவிட அதிகம்!

கெர்ன்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் படகில் வந்துவிடலாம். வருகிறவர்கள் குதிரை வண்டியில் ஊரைச் சுற்றுகிறார்கள், வாடகை சைக்கிள் மிதிக்கிறார்கள், மலை விளிம்பில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், மாலைப் படகில் திரும்பிவிடுகிறார்கள். கடையில், விடுதியில், துறைமுகத்தில் எங்கே போனாலும் ஆங்கிலம்தான். இந்தத் தீவுக்கென்று தனியாக ஒரு மொழி இருந்தது, அதை வாய்திறந்து பேசக்கூடியவர்கள் இன்னமும் ஓரிருவர் இந்த வேலிகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாமலே போய்விடும்.

அந்த மொழி ‘செர்கியே’. சிறு வயதிலிருந்தே அதைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்களை எண்ண இன்றைக்கு ஒரு கை விரல்களே போதும். எல்லோரும் முதியவர்கள்.

வாரன்ட்டியா, கேரன்ட்டியா?

செர்கியே என்றால் பிரெஞ்சின் கொச்சை வடிவம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அதைப் பேசியவர்களே அப்படித்தான் நினைத்தார்கள் என்பதுதான் சோகம். உண்மையில் அது நார்மன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாரிஸ் பகுதியில் பேசப்பட்டு, பின்னால் அரசாங்க பிரெஞ்சாக ஆனது ஒரு கிளை. வடக்கே நார்மண்டியில் வளர்ந்தது இன்னொரு கிளை. இரண்டும் அக்கா தங்கை. அக்காவுக்கு அரண்மனை வாய்த்தது, தங்கைக்கு வயல்வெளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நார்மண்டி என்ற பெயரிலேயே கதை இருக்கிறது. வடக்கிலிருந்து கப்பலில் வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகள், ஒரு கட்டத்தில் அங்கேயே நிலம் பெற்றுத் தங்கிவிட்டார்கள். ‘வடக்கத்தி மனிதர்கள்’ என்பதே ‘நார்மன்’ ஆனது. வந்த இடத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் கடல், படகு, மீன், மணல்மேடு என்று வந்தபோது தங்கள் பழைய சொற்களை விடவில்லை. சார்க்குக்குப் பக்கத்தில் ‘பிரெக்கூ’ என்று ஒரு குட்டித் தீவு உண்டு. கொஞ்சம் தள்ளி ‘ஜெத்தூ’. இந்தப் பெயர்களின் வாலில் இருப்பது ‘தீவு’ என்று பொருள்படும் பழைய வைக்கிங் சொல். கரையில் ஒதுங்கும் கடற்பாசியை அள்ளி வயலுக்கு எருவாகப் போடுவது சேனல் தீவுகளில் காலங்காலமான வழக்கம். அந்தப் பாசிக்கு ‘வ்ராக்’ என்று பெயர். அதுவும் வைக்கிங் சொத்துதான்.

933-ல் இந்தத் தீவுகள் நார்மண்டிப் பிரபுக்களின் கைக்கு வந்தன. 1066-ல் அதே நார்மண்டியின் வில்லியம் கடலைத் தாண்டி இங்கிலாந்தைப் பிடித்தார். அவரோடு நார்மன் மொழியும் போய் இறங்கியது. அப்படி இறங்கியதில் சில சொற்கள் சுற்றிச் சுற்றி நம் ஊர் எலெக்ட்ரானிக் கடை வரைக்கும் வந்துவிட்டன. மிக்ஸி வாங்கும்போது “இதுக்கு வாரன்ட்டியா, கேரன்ட்டியா?” என்று கேட்கிறோம் இல்லையா? அடியில் இருப்பது ஒரே சொல். நார்மன் வாயில் ‘வ’ என்று தொடங்கியது, பாரிஸ் வாயில் ‘க’ என்று தொடங்கியது. ஆங்கிலம் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டது. கிரிக்கெட்டில் ‘கேட்ச்’ பிடிப்பதும், ரன்னை ‘சேஸ்’ செய்வதும் இதே மாதிரி பிரிந்த ஒரே சொல்தான். ‘கேட்ச்’ நார்மன், ‘சேஸ்’ பாரிஸ். தோட்டத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் ‘ஜார்தன்’ என்கிறார்கள், ஆங்கிலத்தில் ‘கார்டன்’. அந்தக் ‘கா’ நார்மன்காரர்கள் கொடுத்தது.

1204-ல் இங்கிலாந்து மன்னர் ஜான், நார்மண்டியை பிரெஞ்சு மன்னரிடம் பறிகொடுத்தார். தீவுகள் மட்டும் ஆங்கில மன்னர் பக்கமே நின்றுவிட்டன. அன்றிலிருந்து ஒரு விசித்திரமான வாழ்க்கை. மன்னர் லண்டனில், பேச்சு நார்மண்டியில்! மன்னருக்காகக் கோப்பை உயர்த்தும்போது ‘எங்கள் பிரபு’ என்று சொல்லும் வழக்கம் இந்தத் தீவுகளில் இப்போதும் உண்டு.

40 குடும்பங்கள், 40 துப்பாக்கிகள்

சார்க்கின் கதை மற்ற தீவுகளைவிடக் கொஞ்சம் தனி. 16-ம் நூற்றாண்டின் நடுவில் அங்கே நிலையாகக் குடியிருக்க ஆளில்லை. கடற்கொள்ளையர்கள் ஒளிந்துகொள்ளவும், பிரெஞ்சுப் படை வந்து இறங்கவும் தோதான இடமாக இருந்தது. ஜெர்சியைச் சேர்ந்த ஹெலியர் டி கார்ட்டரெட் என்ற நிலப்பிரபு, ‘நான் ஆள்களைக் கொண்டுபோய்க் குடியேற்றுகிறேன்’ என்று முன்வந்தார். 1565-ல் முதலாம் எலிசபெத் ராணி அவருக்கு உரிமைப் பத்திரம் கொடுத்தார். ஒரே நிபந்தனைதான்... தீவைக் காக்கத் துப்பாக்கி ஏந்திய 40 ஆண்கள் எப்போதும் அங்கே இருக்க வேண்டும்.

தீவு 40 நிலங்களாகப் பிரிக்கப்பட்டது. 40 குடும்பங்கள் வந்தன. பெரும்பாலும் ஜெர்சியிலிருந்து, அதிலும் அவருடைய சொந்தப் பகுதியான செயின்ட் ஊவென் பக்கத்திலிருந்து. மாடு, கலப்பை, வலையோடு பேச்சையும் கொண்டுவந்தார்கள். 16-ம் நூற்றாண்டு ஜெர்சி நார்மன், ஒரு குட்டிப் பாறைத் தீவில் தனியாக மாட்டிக்கொண்டு, தன் போக்கில் வளர்ந்தது. அதுதான் செர்கியே. ஒரு மொழி எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, எத்தனை குடும்பத்தோடு கிளம்பியது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது அபூர்வம்.

தீவின் தலைவருக்கு ‘சென்யூர்’ என்று பட்டம். ஜமீன்தார் மாதிரி. அவர் மன்னருக்குக் கட்டும் ஆண்டு வரி இன்றைக்கும் 1.79 பவுண்டு! தீவில் முழுமையான ஜனநாயகத் தேர்தல் முதன்முதலாக நடந்ததே 2008 டிசம்பரில்தான். அதுவரை நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஊர்ச் சபையில் தானாகவே இடம் உண்டு.

இன்னொரு சட்டம் இன்னும் சுவாரஸ்யமானது. உங்கள் சொத்தில் யாராவது அத்துமீறினால், சாட்சிகளை வைத்துக்கொண்டு மண்டியிட்டு, ‘ஹாரோ! ஹாரோ! ஹாரோ! என் பிரபுவே உதவி, எனக்கு அநியாயம் நடக்கிறது’ என்று பிரெஞ்சில் கத்த வேண்டும். பிறகு பிரெஞ்சிலேயே ஜெபம் சொல்ல வேண்டும். உடனே அந்த வேலை நின்றாக வேண்டும், வழக்கு மன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை தொடக் கூடாது. நார்மன் பிரபுக்கள் காலத்து வழக்கம் இது. 1970-ல் சார்க்கில் ஒரு தோட்டச் சுவர் தகராறில்கூட இப்படிக் கத்தி வேலையை நிறுத்தியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘பிரெஞ்சில்’ கத்த வேண்டும் என்பதுதான் விதி. கோர்ட்டில் பிரெஞ்சு, சர்ச்சில் பிரெஞ்சு, பத்திரத்தில் பிரெஞ்சு. செர்கியேவுக்கு வீடும் வயலும் படகும் மட்டும்தான். ஜெர்சியிலும் கெர்ன்சியிலும் நார்மனில் கவிதை எழுதினார்கள், பத்திரிகையில் அச்சிட்டார்கள். கெர்ன்சியின் ஜார்ஜ் மெட்டிவியே என்ற கவிஞர் 1870-லேயே அகராதி போட்டுவிட்டார். சார்க்கில் அப்படி யாரும் கிளம்பவில்லை. எழுதிப் படிக்கிற மொழியாக அதை யாரும் நினைக்கவே இல்லை. பின்னாளில் அது நொடிந்துபோனபோது தாங்கிப் பிடிக்க ஒரு கதைப் புத்தகம்கூட இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

அச்சில் வந்த முதல் செர்கியே எழுத்துக்குக் காரணமானவர்கூட தீவுக்காரர் அல்ல. நெப்போலியனின் தம்பி மகன் லூயி லூசியன் போனபார்ட்! அரசியலைவிட மொழிகள் மேல் பைத்தியமாக இருந்த இளவரசர் அவர். ஐரோப்பாவின் மூலைமுடுக்கு மொழிகளில் எல்லாம் பைபிளின் சில பகுதிகளை எழுதி வாங்கி அச்சிடுவது அவர் பொழுதுபோக்கு. 1860-களின் தொடக்கத்தில் சார்க்குக்காக அவர் வெளியிட்டது, இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமை. சில விதை பாறையில் விழுந்தது, சில முள்ளில் விழுந்தது, சில நல்ல நிலத்தில் விழுந்தது என்று வருமே, அந்தக் கதைதான்.

ஹியூகோ கொண்டுபோன ஆக்டோபஸ்

அதே காலத்தில் பக்கத்துத் தீவில் இன்னொரு பெரிய மனிதர் குடியிருந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ. மூன்றாம் நெப்போலியனை எதிர்த்ததால் நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தவர். முதலில் ஜெர்சி, 1855 முதல் 1870 வரை கெர்ன்சி. விரட்டிய நெப்போலியன், மொழி சேகரித்த இளவரசருக்குப் பெரியப்பா - சித்தப்பா பிள்ளை முறை என்பது ஒரு வேடிக்கை.

நம் தாத்தா பாட்டிகளுக்கு ஹியூகோவை நன்றாகத் தெரியும். சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த ‘ஏழை படும் பாடு’ அவருடைய நாவல்தான். 1950-ல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அந்த நாவலை ஹியூகோ எழுதி முடித்தது கெர்ன்சியில் குடியிருந்த காலத்தில்தான்.

அதற்குப் பிறகு, 1866-ல், சேனல் தீவுக் கடலோடிகளைப் பற்றியே ஒரு நாவல் எழுதினார். அதில் நாயகன் ஒரு ராட்சத ஆக்டோபஸோடு சண்டை போடுவான். ஆக்டோபஸுக்கு பிரெஞ்சில் வேறு சொல் இருந்தது. ஹியூகோ அதை விட்டுவிட்டு, தீவு மீனவர்கள் வாயில் புழங்கிய ‘பியோவ்ர்’ என்ற நார்மன் சொல்லைப் போட்டார். நாவல் சக்கைப்போடு போட்டது. சொல்லும் பிரெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. இன்றைக்கு பாரிஸில் ஒரு குழந்தை ஆக்டோபஸ் படத்தைப் பார்த்துச் சொல்வது தீவுக்காரர்களின் சொல். ‘இது பிரெஞ்சே இல்லை, கொச்சை’ என்று ஒதுக்கப்பட்ட பேச்சிலிருந்து போன சொல்!

வெள்ளி ஆசை

சார்க்கில் ஆங்கிலம் நுழைந்தது படையெடுப்பால் அல்ல. பேராசையால் என்று சொன்னால் தப்பில்லை.

1830-களில் தீவின் தெற்கு முனையான லிட்டில் சார்க்கில் வெள்ளியும் செம்பும் இருப்பதாகத் தெரிந்தது. சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். பாறைக்குள் இறங்கி வெட்டும் வித்தை தீவுக்காரர்களுக்குத் தெரியாது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்திறங்கினார்கள். அவர்கள் பேசியது ஆங்கிலம். சில நூறு பேர் மட்டும் வாழும் ஊரில் இப்படி ஒரு கூட்டம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? கடையில் ஆங்கிலம், கூலி பேசுவதில் ஆங்கிலம், கல்யாணச் சம்பந்தத்தில் ஆங்கிலம்.

வெள்ளி போதுமான அளவு கிடைக்கவில்லை. குழிகளில் தண்ணீர் புகுந்தது. 1847 வாக்கில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதைய சென்யூர் குடும்பம் சுரங்கத்தில் பணத்தைக் கொட்டிக் கடனில் மூழ்கி, கடைசியில் 1852-ல் தீவின் உரிமையையே வேறு குடும்பத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. சுரங்கத்தின் புகைபோக்கிகள் இன்றைக்கும் லிட்டில் சார்க்கில் இடிந்து நிற்கின்றன. வெள்ளி வரவில்லை, சென்யூர் போனார், ஆங்கிலம் மட்டும் தங்கிவிட்டது.

பிறகு சுற்றுலாப் பயணிகள். ‘ஆஹா, என்ன அழகு’ என்று ஓவியர்களும் பணக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போடவும், படகு ஓட்டவும், அறை வாடகைக்கு விடவும் ஆங்கிலம் தெரிந்தால் காசு. செர்கியே தெரிந்தால் என்ன கிடைக்கும்? பக்கத்து வீட்டுக்காரரோடு மாடு விலை பேசலாம்.

ஜெர்மானியர்கள் இருந்த ஐந்து வருடம்

1940 கோடையில் ஹிட்லரின் படை சேனல் தீவுகளைப் பிடித்தது. பிரிட்டிஷ் அரசு பாதுகாக்க முடியாது என்று கைவிட்ட பகுதி அது. அதற்குச் சில நாள் முன்னால் ஒவ்வொரு தீவும் ஒவ்வொரு முடிவு எடுத்தது. அந்த முடிவுகள்தான் அங்கங்கே இருந்த மொழியின் தலையெழுத்தையும் எழுதின.

ஆல்டர்னி ஏறக்குறைய மொத்தமாகக் காலியானது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த அந்தத் தீவின் நார்மன் பேச்சு, சிதறிப்போனவர்களோடு சிதறியது. இன்று அதைப் பேச ஒருவரும் இல்லை. ஊர்ப் பெயர்களும் சொற்பப் பதிவுகளும்தான் மிச்சம்.

கெர்ன்சியிலிருந்து பள்ளிக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர்கள் வாயில் வடக்கு இங்கிலாந்து ஆங்கிலம். பாட்டி பேசியது பேரனுக்கு அந்நியமாகிவிட்டது. ஐந்து வயதில் போன குழந்தை பத்து வயதில் திரும்பியது. இடையில் கற்றிருக்க வேண்டிய மொழி கை நழுவிப் போயிருந்தது.

சார்க் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. அப்போது தீவின் தலைவி சிபில் ஹாத்தவே. 1927 முதல் 1974 வரை ஆண்டவர். ‘நான் எங்கேயும் போகப்போவதில்லை, நீங்களும் இருங்கள்’ என்று மக்களிடம் சொன்ன கெட்டிக்காரப் பெண்மணி. பசி இருந்தது, பயம் இருந்தது. 1942-லும் 1943-லும் பலரை ஜெர்மனிக்கு நாடு கடத்தினார்கள். சிபிலின் கணவரும் அதில் ஒருவர். ஆனாலும் தீவின் குழந்தைகள் தீவிலேயே இருந்தார்கள், பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தார்கள். பிரெஞ்சு தெரிந்த ஜெர்மன் அதிகாரிகள் உண்டு. தீவு நார்மன் அவர்களுக்குப் பிடிபடாது. எதிரி பக்கத்தில் நிற்கும்போதே ரகசியம் பேச முடிந்த மொழி, வேறு எந்தக் காலத்திலும் இல்லாத மரியாதையைக் கொஞ்ச காலம் அனுபவித்தது.

1945 மே 10-ல் சார்க்குக்கு விடுதலை. தீவின் இரண்டு பாகங்களையும் இணைக்கும் ‘லா கூப்பே’ என்ற குறுகிய மலைப்பாலம் போன்ற பாதை, இருபுறமும் கிட்டத்தட்ட 80 மீட்டர் செங்குத்துப் பள்ளம் கொண்டது. 1900-ல் கைப்பிடிக் கம்பி போடும் வரை காற்று பலமாக வீசும் நாள்களில் லிட்டில் சார்க் குழந்தைகள் அதில் தவழ்ந்து கடந்துதான் பள்ளிக்குப் போவார்களாம். போர் முடிந்ததும் ஜெர்மன் போர்க் கைதிகளை வைத்தே அதற்கு கான்கிரீட் போட்டார்கள்.

பாதை உறுதியானது. அந்தப் பாதையில் பள்ளிக்குப் போன குழந்தைகளின் மொழிதான் பலவீனமானது. ரேடியோ வந்தது, டி.வி வந்தது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் அதிகமானார்கள். கணவன் செர்கியே, மனைவி ஆங்கிலம் என்ற வீட்டில் குழந்தையிடம் எதில் பேசுவார்கள்? இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான். அதோடு அந்த ‘கொச்சை’ முத்திரை. ‘என் பிள்ளையாவது ஒழுங்காக ஆங்கிலம் பேசட்டும்’ என்று நினைத்த பெற்றோர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

பிராக்கிலிருந்து வந்த மாணவர்

1990-களின் முடிவில் செர்கியே பேசுபவர்கள் 20 பேருக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். அதற்கு முன்பே ஆய்வாளர்கள் சிலர் வந்து போயிருந்தார்கள். அந்தோணி லிடிகோட் 1994-ல் ஜெர்சி, சார்க் இரண்டின் இலக்கணத்தையும் புத்தகமாகவே போட்டார். நல்ல வேலை. ஆனால் நூலகத்தில் இருக்கும் இலக்கணப் புத்தகத்தைப் படித்து ஒரு சார்க் குழந்தை பேசத் தொடங்கிவிடாது.

பிறகு வந்தவர்தான் மார்ட்டின் நொய்டோர்ஃபல். செக் நாட்டுக்காரர். பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர். கடலே இல்லாத நாட்டிலிருந்து வந்து, மீனவர்களின் மொழியைக் கற்றுக்கொண்டார். மிச்சமிருந்த முதியவர்களோடு உட்கார்ந்து, மணிக்கணக்கில் பேசிப் பதிவு செய்தார். அந்த மொழியைப் படிப்பதோடு நிற்காமல் பேசவும் பழகினார்.

இப்படிப் பதிவு செய்வது கேட்பதற்கு எளிது. மைக்கை நீட்டி ‘முயலுக்கு என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டால் போதும் என்று தோன்றும். அப்படிக் கேட்டால் பாதி நேரம் பதில் வராது. பல வருடங்கள் பேச ஆளில்லாமல் இருந்தவருக்குச் சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றுவிடும். வலை பின்னுவதைப் பற்றி, அப்பா வளர்த்த பசுவைப் பற்றி, புயலில் திரும்பாத படகைப் பற்றிப் பேசவிட வேண்டும். பேச்சு சூடு பிடிக்கும்போது, 60 வருடம் எங்கோ கிடந்த சொல் தானாக வெளியே வரும். அதை எழுதுவது எப்படி என்பது அடுத்த பிரச்னை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இல்லாத ஒலிகள் உண்டு. எழுத்து முறையே இல்லாத மொழிக்கு எழுத்து முறை ஒன்றை அமைக்க வேண்டும். பிரெஞ்சு மாதிரி எழுதினால், பார்க்கிறவர் பிரெஞ்சு மாதிரியே படித்துவிடுவார்.

அந்த எழுத்து முறையையும் உருவாக்கி, சார்க் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செர்கியே பாடமும் எடுக்கத் தொடங்கினார். தீவில் இருப்பதே ஒரு பள்ளிக்கூடம்தான். தாத்தா பாட்டிக்கே தெரியாத மொழியில் குழந்தைகள் வணக்கம் சொல்லவும் எண்ணவும் பழகினார்கள். அதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு வெளிநாட்டு இளைஞர்! தீவில் சிலருக்கு இது விநோதமாகப் பட்டிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் வேறு யாரும் முன்வராத இடத்தில், முன்வந்தவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. உச்சரிப்பைச் சரிபார்க்க அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர் வந்து சேர்ந்தார். பத்து வருடம் தாமதித்திருந்தால் அந்த வாய்ப்பும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஜெர்சியின் ரூபாய் நோட்டு

பெரியக்கா மாதிரியான ஜெர்சியில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அங்குள்ள நார்மனுக்கு ‘ஜெரியே’ என்று பெயர். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2,874 பேர் பேசத் தெரியும் என்றார்கள். அதில் 113 பேர்தான் அன்றாடம் அதைப் பேசுவதாகச் சொன்னவர்கள். 1999 முதல் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். 2010-ல் வந்த ஜெர்சி பவுண்டு நோட்டுகளில் தொகையை ஜெரியேவிலும் அச்சிட்டார்கள். 2019-ல் அது தீவின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றானது. கெர்ன்சியில் அதே 2001 கணக்கில் சரளமாகப் பேசுபவர்கள் 1,327 பேர். அவர்களில் 934 பேர் 64 வயதைத் தாண்டியவர்கள். அந்தக் கணக்கு எடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிலைமை புரியும்.

ஜெர்சியின் பணமும் ஆள்பலமும் சார்க்குக்குக் கிடையாது. ஆனால் சார்க்கில் ஒரு வசதி உண்டு. ஊர் சின்னது. ஒரே ஒரு வகுப்பறையில் நடக்கும் பாடம்கூட அந்தத் தலைமுறையின் பெரும்பகுதிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தீவின் ஒவ்வொரு வளைவும் அந்த மொழியில்தான் பெயர் சுமக்கிறது. வடக்கு முனையில் ‘எபெர்க்கெரி’ என்று ஓர் இடம். ‘பெர்க்’ என்றால் நார்மனில் கம்பு. பாரிஸ் பிரெஞ்சில் அதுவே ‘பெர்ஷ்’. பழைய காலத்தில் மீனைக் கம்புகளில் தொங்கவிட்டுக் காயவைத்த இடம் என்பதால் அந்தப் பெயர். தினமும் சைக்கிளில் கடந்துபோகும் குழந்தைக்கு, அது வெறும் பெயர்ப் பலகை இல்லை, கருவாடு காய்ந்த இடம் என்று தெரிவது ஒரு சின்ன சந்தோஷம்தானே?

செர்கியே மறுபடியும் துறைமுகத்திலும் கடையிலும் புழங்கும் மொழியாகும் என்று நம்புவது கடினம். வீட்டில் அம்மா அப்பா பேசாத மொழியை, வாரத்தில் சில மணி நேரப் பாடம் மட்டும் வைத்து ஊர்மொழி ஆக்கிவிட முடியாது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சார்க் பிள்ளைகள் 13 வயது வாக்கில் மேற்படிப்புக்குத் தீவை விட்டுப் போயாக வேண்டும். சிலர் இங்கிலாந்து விடுதிப் பள்ளிகளுக்கு, சிலர் படகேறி கெர்ன்சிக்கு. கெர்ன்சியிலும் நார்மன் உண்டு. ஆனால் அது கெர்ன்சி நார்மன், ஒலியும் சொல்லும் கொஞ்சம் வேறு. ஒரு சார்க் பிள்ளை அங்கே போய் ஒரு தாத்தாவிடம் தன் ஊர்ப் பேச்சில் வணக்கம் சொன்னால், அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, தன் ஊர்ப் பேச்சில் பதில் சொல்வார். பாதி புரியும். மீதியை இரண்டு பேரும் ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.